அலெக்சாண்டர் டெக்னிக் ஆசிரியராக: 1600 மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது

"நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொடுக்க மூன்று வருடப் படிப்பா?" இந்தப் பயிற்சியில் சேரப்போவதாக வாயைத் திறந்ததும் உங்களிடம் வரும் முதல் கேள்வி இதுதான். நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொடுக்க மூன்று நிமிடம் போதும். சொன்னவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாணவர் பழையபடி குறுகிவிடுவார், அதற்கும் மூன்று நிமிடம்தான் ஆகும்.

அலெக்சாண்டர் டெக்னிக் ஆசிரியரின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழப்போகிறேன் என்று ஒருவர் நினைத்த உடனேயே கழுத்து பின்னால் இறுகுகிறது, மூச்சு நிற்கிறது, தொடைகள் முறுக்கிக்கொள்கின்றன. உடம்பு இன்னும் அசையவே இல்லை. அந்தப் பழக்கத்தை அவரே கண்டுகொள்ளவும், கண்டபின் விட்டுவிடவும் உதவுவதுதான் இந்தத் தொழில். அதே பழக்கம் சொல்லித்தருகிறவரிடமும் இருக்கிறதே, அதனால்தான் மூன்று வருடம்.

கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதையும் நாடக வசனமும் சொல்பவர். மேடையேறினால் தொண்டை கட்டிக்கொள்ளும், ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி ஏறினால் மறுபடி கட்டும். அப்படியென்றால் பேசும்போது நான் எதையோ தவறாகச் செய்கிறேன் என்று கண்ணாடி முன் நின்று பார்த்தார். வசனத்தைத் தொடங்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாய் வழியே மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. சரி, தலையை முன்னே விடுவோம் என்று விட்டார். பக்கவாட்டிலும் கண்ணாடிகள் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்னே விட்டதாக அவர் நினைத்த நேரத்தில் தலை பின்னேதான் போயிருந்தது. "இதுதான் சரி" என்று உடம்பு சொல்வதை நம்ப முடியாது என்ற இந்தச் சங்கடத்தைச் சுற்றித்தான் மூன்று வருடமும் ஓடும். அவர் 1904-ல் லண்டன் போனார், 1931-ல் அங்கே முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார், 1955-ல் இறந்தார். 1958-ல் அவர் வழி வந்த ஆசிரியர்கள் 'ஸ்டாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கத்தை அமைத்தார்கள்.

முதல் படி: கொஞ்ச காலம் மாணவராக மட்டும் இருங்கள்

பள்ளி தேடுவதற்கு முன் தனிப் பாடங்கள் எடுங்கள். எத்தனை என்று கேட்டால், என் கணக்கு குறைந்தது முப்பது, அதையும் ஆறேழு மாதத்துக்குப் பரப்பி. காரணம் இருக்கிறது. முதல் ஐந்தாறு பாடங்களில் பலருக்கு உடம்பு மிதப்பது போல லேசாகிவிடும். அந்தக் கிறுகிறுப்பில் "நானும் ஆசிரியராகிவிடுகிறேன்" என்று தோன்றும். பத்தாவது, பன்னிரண்டாவது பாடத்தில் அந்த மிதப்பு வராமல் போகும், சலிப்பு தட்டும், ஒன்றும் நடக்கவில்லை என்று எரிச்சல் வரும். அதையும் தாண்டி ஆர்வம் மிஞ்சியிருந்தால் அப்போது முடிவெடுங்கள்.

ஒரே ஆசிரியரிடம் நின்றுவிடாமல் இரண்டு மூன்று பேரிடம் போய்ப் பாருங்கள். ஒருவர் கை பஞ்சு போல இருக்கும், இன்னொருவர் கை உறுதியாக மேல்நோக்கி வழிகாட்டும். ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எந்த வழியில் உங்களுக்கு விளங்குகிறது என்பது பள்ளி தேடும்போது உதவும்.

வீட்டில் தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தரையில் மல்லாந்து படுத்து, தலைக்கடியில் இரண்டு மூன்று புத்தகங்களை வைத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, கண்களைத் திறந்தபடி 15-20 நிமிடம். இதற்கு செமி-சுபைன் என்று பெயர். புத்தக உயரம் ஆளுக்கு ஆள் மாறும். தலை பின்னே சாயவும் கூடாது, தாடை தொண்டையை அழுத்தவும் கூடாது. ஆறு மாதத்துக்கு இதைத் தினமும் செய்ய முடியவில்லை என்றால் மூன்று வருடப் பயிற்சியைப் பற்றி மறுபடி யோசிப்பது நல்லது.

முதுகுவலிக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தனிப் பாடங்களோடு நின்றுகொள்ளலாம். வலியைப் போக்கிக்கொள்ள ஆசிரியர் பயிற்சியில் சேருவது, பல் வலிக்குப் பல் மருத்துவப் படிப்பில் சேருவது போல.

இதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பாதைகள்

வேறு முறைகள் உங்களுக்கு இன்னும் பொருந்தலாம். அசைவுகளைக் கவனித்துக் கற்கும், மோஷே ஃபெல்டன்கிரைஸ் வகுத்த முறையில் ஆசிரியர் பயிற்சி சுமார் 800 மணி நேரம், மூன்று நான்கு வருடங்களில், பெரும்பாலும் சில வாரங்கள் கொண்ட தொகுதிகளாக நடக்கும். வேலையை விடாமல் படிக்க அது வசதி. இரண்டு வருடம் முடிந்ததும் குழு வகுப்புகள் எடுக்க அனுமதி கிடைப்பதும் உண்டு. பிலாட்டிஸ் உடற்பயிற்சி சார்ந்தது, பயிற்சிக் காலம் குறைவு, ஜிம்களிலும் ஸ்டூடியோக்களிலும் வேலை எளிதாகக் கிடைக்கும். உடம்பை வலுவாக்கச் சொல்லிக்கொடுக்க ஆசை என்றால் தயங்காமல் அங்கே போங்கள். அலெக்சாண்டர் டெக்னிக்கில் பயிற்சிப் பட்டியல் கிடையாது. இருபது தடவை செய், முப்பது தடவை செய் என்று எதுவும் இல்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

ஸ்டாட் சங்கமும் அதோடு இணைந்த பல நாட்டுச் சங்கங்களும் வைத்திருக்கும் அளவுகோல்: குறைந்தது மூன்று வருடம், 1600 மணி நேரம், பெரும்பகுதி செய்முறை, ஐந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியராவது. இந்த ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கையால் கற்றுத்தரும் வித்தை. ஒரு காலையில் உங்கள் மேல் எத்தனை தடவை அனுபவமுள்ள கை படுகிறது என்பதுதான் அன்றைய படிப்பின் அளவு.

1992-ல் தொடங்கிய ஏடிஐ என்ற இன்னொரு அமைப்பு மணி நேரத்தை எண்ணுவதில்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் உங்களை நேரில் சோதித்துத் தகுதி இருக்கிறதென்று ஒப்பினால் சான்றிதழ் கிடைக்கும். சுதந்திரம் அதிகம், ஆனால் உங்களை நீங்களே விரட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் பள்ளியைத்தான் சொல்வேன். தினமும் போய் நிற்க ஓர் இடம் இருப்பதே பாதிப் பயிற்சி.

பள்ளிகளுக்குள்ளும் பரம்பரை உண்டு. அலெக்சாண்டரிடம் நேரடியாகப் பயின்ற வால்டர் கேரிங்டன், பேட்ரிக் மெக்டொனால்ட், மார்ஜரி பார்லோ, மார்ஜரி பார்ஸ்டோ ஆகியோர் ஆளுக்கொரு விதமாகக் கற்பித்தார்கள். மெக்டொனால்டு வழியில் கையில் திசையும் தெம்பும் தூக்கலாக இருக்கும். பார்ஸ்டோ குழுவாக உட்காரவைத்து, பாடுவது, வயலின் வாசிப்பது, நடப்பது என்று ஒவ்வொருவர் செய்யும் காரியத்தையே எடுத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். எந்தப் பரம்பரை அசல் என்ற சண்டையில் முதல் வருட மாணவர்கள் நுழையத் தேவையில்லை. அதற்குப் பழைய ஆட்கள் போதும்.

இணையப் பக்கத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். நேரில் போய், முடிந்தால் ஒரு முழு வாரம் பார்வையாளராக உட்காருங்கள். தலைமை ஆசிரியர் தினமும் வகுப்பில் இருக்கிறாரா, பெயருக்கு மட்டும் இருக்கிறாரா? மூன்றாம் வருட மாணவர்களின் கையை உங்கள் மேல் வைக்க அனுமதிப்பார்களா? வைத்தால் எப்படி இருக்கிறது? இடையில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், ஏன்? நடுவில் விலகினால் கட்டணத்தில் எதைத் திருப்பித் தருவார்கள்? வெளி ஆசிரியர்கள் வந்து போகிறார்களா? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் பள்ளியை விட்டுவிடுங்கள். அப்புறம் மாணவர்களைப் பாருங்கள். எல்லோரும் பொம்மை போல விறைப்பாக, அளந்து அளந்து நடந்தால் எச்சரிக்கை. இந்த முறையைப் பாதி புரிந்துகொண்டவர்களின் அடையாளம் அது. சிரித்து, தடுமாறி, முட்டாள்தனமான கேள்வி கேட்க இடமிருக்கும் வகுப்புதான் நல்ல வகுப்பு.

நேரமும் பணமும்

வாரத்துக்கு 15 மணி நேரம், வருடத்துக்கு 36 வாரம் என்று போட்டால் மூன்று வருடத்தில் 1620 மணி வரும். பல பள்ளிகளின் அட்டவணை இதுதான்: வாரம் நாலைந்து நாள், தினமும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று கூடக் குறைய. அரைநாள்தானே, மீதி நேரத்தில் முழுநேர வேலை பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். முதல் வருடத்தில் அந்த மூன்று மணி நேரம் உங்களை அடித்துப் போட்டுவிடும். பகுதிநேர வேலையோடு சமாளிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

கட்டணத்தோடு நிறுத்தாமல், படித்து முடித்தபின் ஒன்றிரண்டு வருடத்துக்கான செலவையும் சேர்த்து எண்ணுங்கள். சான்றிதழ் வந்த மறுநாளே மாணவர்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். இசைக்கலைஞர், நடிகர், நடனக்காரர், பிசியோதெரபிஸ்ட், யோகா ஆசிரியர் என்று ஏற்கெனவே ஒரு தொழில் உள்ளவர்களுக்குத் தொடக்கம் எளிது, அவர்கள் வட்டத்திலிருந்தே முதல் மாணவர்கள் வருவார்கள்.

முதல் வருடம்: ஒன்றும் செய்யாமலிருக்கக் கற்றல்

ஒரு சாதாரணக் காலை வகுப்பு இப்படிப் போகும். கொஞ்ச நேரம் தரையில் படுப்பது. பிறகு சேர்ந்து அலெக்சாண்டர் எழுதியதிலிருந்து ஒரு பக்கம் வாசிப்பது. அவர் எழுதிய நூல்கள் நான்கு, வாக்கியங்கள் நீளமானவை, ஒரு பத்திக்கு ஒரு வாரம் ஆனாலும் வெட்கப்பட வேண்டாம். அதன்பின் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக உங்களை எடுத்துக்கொள்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மேசையில் படுப்பது, 'மங்கி' எனப்படும் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடிந்து நிற்கும் குரங்கு நிலை, ஒரு கால் முன்வைத்துச் சாயும் லஞ்ச், குதிகாலைத் தூக்குவது, 'விஸ்பர்ட் ஆ' என்று சத்தமில்லாமல் 'ஆ' சொல்லி மூச்சை விடுவது.

இவற்றில் நாற்காலிதான் பெரிய பள்ளிக்கூடம். ஆசிரியர் உங்கள் பக்கத்தில் நின்று கையைக் கழுத்தருகே வைத்து, "எழப்போகிறோம், ஆனால் எழவேண்டாம்" என்பார். விளையாட்டாகத் தோன்றும். "எழ" என்ற சொல் காதில் விழுந்ததுமே உங்கள் பிடரி ஒரு நூல் சுருங்கும். அவர் கைக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியாது. மறுபடி. மறுபடி. சில வாரம் கழித்து ஒருநாள் அந்தச் சுருக்கம் வருவதற்கு முன்பே "வேண்டாம்" என்று உள்ளுக்குள் சொல்லிவிடுவீர்கள். இதைத்தான் இன்ஹிபிஷன் என்கிறார்கள், பழக்கத்துக்கு இடம் கொடுக்காமல் நிறுத்திக்கொள்வது. அடக்கி வைப்பது என்று இதைப் புரிந்துகொண்டால் இன்னும் விறைத்துப்போவீர்கள்.

நிறுத்திய இடத்தில் அடுத்தது டைரக்ஷன். கழுத்து விடுதலையாகட்டும், தலை முன்னும் மேலும் போகட்டும், முதுகு நீண்டு அகலட்டும் என்று நினைப்பது. நினைப்பது மட்டுமே. செய்யப் போனால் கெட்டது. இதற்கு எதிரி எண்ட்-கெயினிங், அதாவது வழியை விட்டுவிட்டுப் பலனை நோக்கிப் பாய்வது. பதறாத காரியம் சிதறாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். பதறுகிறோம் என்பதே தெரியாதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த நாற்காலி.

உடற்கூறும் கொஞ்சம் படிப்பீர்கள், தசைப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட உடம்பைப் பற்றிய தப்பான வரைபடத்தைத் திருத்துவதற்காக. ஒரு சின்னச் சோதனை: உங்கள் தலை முதுகெலும்பின் மேல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் காட்டுங்கள். பலர் பிடரியின் நடுவைத் தொடுவார்கள். உண்மையில் அந்த மூட்டு இரண்டு காதுகளுக்கும் நடுவே, நினைப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையின் பாரம் அந்த மூட்டுக்குச் சற்று முன்னே விழுவதால், பின்கழுத்துத் தசைகள் விட்டால் தலை லேசாக முன்னே சாயத்தான் செய்யும். பின்னுக்கு இழுப்பது நம் கைங்கரியம். இதேபோல் குனிவதற்கான மூட்டு எங்கே என்று கேட்டால் இடுப்பில் பெல்ட் கட்டும் இடத்தைக் காட்டுவார்கள். தொடை எலும்பு சேரும் இடம் அதற்கும் கீழே. அதைத் தெரிந்துகொண்ட அன்றே பலர் குனியும் விதம் மாறிவிடும்.

முதல் வருட நடுவில் எல்லோருக்கும் ஒரு பள்ளம் வரும். முன்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவர் இப்போது நடக்கவே தெரியாதவர் போல உணர்வார். அழுகையும் வரும். பழைய பிடிமானம் போய்ப் புதியது வராத இடைவெளி அது. அப்போது பள்ளியை மாற்ற, படிப்பை விட முடிவெடுக்காமல் ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள்.

கைகளுக்கு முறை வரும்போது

புதியவர்கள் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருப்பது இதற்குத்தான். பல பள்ளிகளில் அடுத்தவர் மேல் கை வைக்க விடுவதற்கு முன் நாற்காலியின் முதுகில் கை வைக்கச் சொல்வார்கள். நாற்காலிக்குப் பின்னால் குரங்கு நிலையில் நின்று, மேல் சட்டத்தை விரல்களை மடக்காமல் நீட்டியபடி முன்பக்கமும் கட்டைவிரலைப் பின்பக்கமும் வைத்து மெதுவாகப் பிடிப்பது. முழங்கைகள் வெளியே விரியவேண்டும், தோள் தூக்கக்கூடாது, மூச்சு ஓடவேண்டும். பார்க்க ஒன்றுமில்லை. அரை நிமிடத்தில் கட்டைவிரல் இறுகும், அதோடு தாடை, அதோடு கண். நாற்காலி எதுவும் புகார் சொல்லாது என்பதால்தான் அதில் தொடங்குகிறோம்.

நான் முதன்முதலாகச் சக மாணவி ஒருவரின் தலையைத் தாங்கிய நாள் நினைவிருக்கிறது. அவர் மேசையில் படுத்திருந்தார், நான் தலைமாட்டில். விரல்களை எவ்வளவு மென்மையாக வைக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக வைத்திருந்தேன் என்று எனக்குப் பெருமை. ஆசிரியர் வந்து என் கையைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் முழங்காலின் பின்புறத்தைத் தொட்டார். கட்டை போலப் பூட்டியிருந்தது. முழங்கால் விட்டதும், மேசையில் இருந்தவர் "இப்போது கையை மாற்றினீர்களா?" என்று கேட்டார். நான் மாற்றவில்லை.

இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் இந்தச் சங்கதியைத்தான் விதவிதமாகப் பழகுவீர்கள். உங்கள் உடம்பு முழுக்க எப்படி இருக்கிறதோ அதுதான் கை வழியே போகும். மாணவரின் தோளைச் சரிசெய்ய நீங்கள் ஆசைப்பட்டால் அந்த ஆசையும் போகும், அவர் தோள் இன்னும் இறுகும். அதனால் கை வைக்குமுன் நின்று, தன் கழுத்தை நினைத்து, வேண்டாமென்றால் வைக்காமலே விட்டுவிடப் பழகுகிறோம். மூன்றாம் வருடத்தில் பெரும்பாலும் வெளியாட்களை அழைத்து ஆசிரியர் மேற்பார்வையில் பாடம் எடுக்கவைப்பார்கள். கையும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டிவரும், அங்கேதான் பலர் தடுமாறுவார்கள். பேசத் தொடங்கினால் கை செத்துவிடும், கையைக் கவனித்தால் பேச்சு நின்றுவிடும். அலெக்சாண்டர் தன் முதல் வகுப்பு மாணவர்களை நாடக மேடையேற்றியதும் ஏறக்குறைய இதற்காகத்தான், பரபரப்பிலும் நிறுத்திக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க.

சான்றிதழ்

எழுத்துத் தேர்வு பெரிய விஷயமில்லை. பல சங்கங்களில் வெளியிலிருந்து மூத்த ஆசிரியர் ஒருவர் வந்து நீங்கள் பாடம் எடுப்பதைப் பார்ப்பார், உங்கள் கையைத் தன்மேல் வாங்கிப் பார்ப்பார். முடிவு பெரும்பாலும் பள்ளித் தலைவர் கையில். இன்னும் ஒரு பருவம் இருந்துவிட்டுப் போ என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டன் உட்பட இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி கட்டாயப் பதிவு இல்லாத இடங்கள் உண்டு. ஒரு வாரக் கடைசிப் பயிற்சிக்குப் போய்வந்தவரும் தன்னை ஆசிரியர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆகவே சங்க உறுப்பினர் அட்டை, தொழில்சார் காப்பீடு இரண்டையும் முதல் மாணவர் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

முதல் மாணவர்கள்

தேவையானவை ஓர் அமைதியான அறை, தட்டையான இருக்கையுள்ள கைப்பிடியில்லாத மர நாற்காலி ஒன்றிரண்டு, உங்கள் உயரத்துக்கு ஏற்ற மேசை, சில மெல்லிய புத்தகங்கள், ஒரு கண்ணாடி. மேசை தாழ்வாக இருந்தால் ஆறு மாதத்தில் உங்கள் முதுகே விளம்பரத்தைக் கெடுத்துவிடும்.

கை வைக்குமுன் எங்கே வைக்கப்போகிறீர்கள், எதற்கு என்று சொல்லி அனுமதி கேளுங்கள், முதல் பாடத்தில் மட்டுமில்லாமல் ஒவ்வொரு புது இடத்துக்கும். தயங்குகிறவருக்குக் கையில்லாமல், பேச்சாலும் கண்ணாடியாலும் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

எதைக் குணமாக்கும் என்று கேட்பார்கள். நீங்கள் மருத்துவர் இல்லை, அதைச் சொல்லிவிடுங்கள். முதுகுவலிக்கு நல்ல ஆதாரம் உண்டு: 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களுக்கு நாலு வாரத்தில் வலி இருந்த நாட்கள் நடுமதிப்பில் 21, அதனுடன் 24 பாடங்களும் எடுத்தவர்களுக்கு 3. கழுத்துவலி பற்றி 517 பேரை வைத்து 2015-ல் வெளியான ஆய்விலும் பலன் தெரிந்தது. ஆஸ்துமாவுக்கு உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தேடியபோதோ கணக்கில் எடுக்கத் தகுதியான ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே விளம்பரத்தில் ஆஸ்துமா என்று போடாதீர்கள்.

முதல் வருடத்தில் கட்டணத்தைக் குறைத்து வைத்தாலும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசமாக வருபவர் மூன்றாவது பாடத்துக்கு வரமாட்டார், நீங்களும் ஏன் என்று கேட்க முடியாது. வகுப்புத் தோழர் யாராவது ஒருவரோடு வாரம் ஒருமுறை மாறி மாறிப் பாடம் எடுத்துக்கொள்ள ஒரு நேரத்தைக் குறித்துவையுங்கள், நீங்கள் அவருக்கு முக்கால் மணி, அவர் உங்களுக்கு முக்கால் மணி. மாணவர்கள் பெருகி நாட்குறிப்பு நிறையும்போது முதலில் அடிபடுவது அந்த நேரம்தான், அதை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.